நம்மாளு ஆரு இருக்கறாங்க?

கொல்லிமலையிலிருந்து சென்னைக்கு வேலைக்குக் கிளம்பும் பையன் வாடகையை விசாரிப்பதற்கு முன்னால் வேறொன்றை விசாரிப்பான். "அங்க நம்மாளு ஆருண்ணா இருக்கறாங்க?" பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் முடிந்த மாதிரிதான். அம்பத்தூரில் வளப்பூர் நாட்டுக்காரர் ஒருவர் அறை எடுத்திருந்தால் அம்பத்தூர். பெருங்குடியில் கூடப் படித்தவன் இருந்தால் பெருங்குடி. வேலை கிண்டியிலோ ஒரகடத்திலோ இருக்கலாம், அதெல்லாம் பஸ்ஸின் கவலை. ஐ.டி.க்காரர்கள் மேப்பைத் திறந்து வைத்து, ஆபீசுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டு அறை பிடிக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நானும் கணக்குப் போட்டேன். போட்டுவிட்டு, எங்கள் காலேஜ் சீனியர் இருந்த அறைக்குத்தான் போனேன்.

எங்களுக்கு முந்தைய தலைமுறைக்கு இந்த விசாரிப்பே தேவைப்படவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் பிழைக்கப் போனவர்களில் பெரும்பாலானோர், படுக்கையும் சேர்ந்தே கிடைக்கிற வேலைக்குத்தான் போனார்கள். குடகில் காப்பித் தோட்டம், கேரளத்தில் மிளகுத் தோட்டம். மேஸ்திரி கூட்டிப்போவார், தோட்டத்து லைன் வீட்டில் ஒரு மூலை கிடைக்கும். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் சேர்ந்தவனுக்கு அந்த மூலையும் கிடையாது. வண்டி எந்தக் காட்டில் நிற்கிறதோ அதுதான் அன்றைக்கு ஊர். வேலையை விட்டால் படுக்கையும் போய்விடும் என்பதை யாரும் எழுதிக் காட்டவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளின் பூர்வ கதையே குடிபெயர்ந்த கதைதான். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்த மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையேறினார்கள் என்பார்கள். யாருக்கு எந்த மலை என்பதில் ஊருக்கு ஊர் கதை மாறும். மூவரும் ஒரே மலையில் தங்கவில்லை என்பது மட்டும் மாறாது. கூடப் பிறந்தவர்களே ஆனாலும் ஷேரிங் ஒத்துவராது என்று அப்போதே தெரிந்திருக்கிறது போல. ஆனால் இன்றைய பிள்ளைகள் கூட்டாகத் தங்குவதை நகரத்துக்குப் போய்க் கற்றுக்கொள்வதில்லை. மலையிலுள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஆறேழு வயதிலேயே அது தொடங்கிவிடுகிறது. ஒரு தகரப் பெட்டி, ஒரு பூட்டு, ஒரு தட்டு. அடுத்தவன் சோப்பை எடுத்தால் எவ்வளவு தூரம் கோபப்படலாம் என்கிற அளவெல்லாம் அங்கேயே பிடிபட்டுவிடும்.

ஆகவே ஷேரிங் எங்களுக்குப் பிரச்சினையில்லை. யாருடன், எங்கே என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

*

'நம்மாளு' தேடுவதை மலைக்காரர்களின் வெகுளித்தனம் என்று நினைப்பவர்கள் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வட்டித் தொழிலுக்குப் போன நகரத்தார், ஆளுக்கொரு கடையோ வீடோ எடுக்கவில்லை. நீளமான ஒரே கூடத்தைப் பல மார்க்காக்காரர்கள் பகிர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, ஒரு சிறிய கணக்கு மேசை, அதைச் சுற்றிப் பாய் விரிக்கிற அளவுக்குத் தரை. பகலில் அதுதான் வங்கி, ராத்திரியில் அதுதான் படுக்கை. சமையல் பொது. குடும்பம் செட்டிநாட்டில் இருக்கும். மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஏஜென்ட் ஊர் திரும்புவார், அவர் இடத்துக்கு அடுத்தவர் கப்பலேறுவார். கையெழுத்து பழகும் பையனிலிருந்து எல்லோரும் அதே கூடத்தில்தான். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகுகிறவனுக்கு 'பெட்டியடிப் பையன்' என்றே பெயர்.

லட்சக்கணக்கில் கடன் கொடுத்த மனிதர்கள் தனி அறை எடுக்க வக்கில்லாமல் அப்படிப் படுக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் யாருக்கு யார் கடன் கொடுக்கிறார், எந்தக் கடன்காரன் ஏமாற்றுகிறான் என்கிற தகவல் காதில் விழும். வட்டி விகிதம் பேசி முடிவாகும். இன்றைய கோ-வொர்க்கிங் ஆசாமிகள் 'நெட்வொர்க்கிங்' என்று சொல்வதெல்லாம் அங்கே சாப்பாட்டுப் பந்தியில் நடந்தது. நம்பிக்கைதான் அவர்களின் முதல். அந்த முதலைப் பாதுகாக்க, அந்தக் கூடத்துக்குள் வேறு ஆளுக்கு இடம் கிடையாது. மலேயாவுக்குப் போன மற்ற தமிழர்களில் பெரும்பாலானோர் ரப்பர் தோட்டத்து லயத்தில் தங்கினார்கள். கப்பல் ஒரே நாகப்பட்டினத்தில் ஏறியதாக இருக்கலாம். இறங்கியபின் எங்கே படுப்பது என்பது ஏறுவதற்கு முன்பே தீர்மானமாகியிருந்தது.

சென்னைப் பட்டணத்திலும் அதே கதைதான், அளவில் சிறியது. 1912 பிப்ரவரி 9 அன்று துறைமுகக் கழகத்தின் கணக்கதிகாரிக்கு ஓர் இளைஞர் வேலை கேட்டு எழுதினார். கடிதத்தில் இருந்த முகவரி: சம்மர் ஹவுஸ், திருவல்லிக்கேணி. கையெழுத்து, எஸ். ராமானுஜன். மார்ச் 1 முதல் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. கொஞ்ச காலத்தில் திருவல்லிக்கேணியை விட்டு, ஆபீசுக்குப் பக்கமாக ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவுக்குக் குடி மாறினார். கணித மேதையும் முதலில் தெரிந்தவர்கள் இருந்த இடத்தில் தங்கி, சம்பளம் வந்தபின் தூரத்தைக் கணக்குப் போட்டிருக்கிறார். நாமெல்லாம் எம்மாத்திரம்!

அவருக்கு இது சுலபமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை, அதற்கு முன் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் கும்பகோணத்து ஐயங்கார்ப் பையனுக்குச் சென்னையில் கதவைத் தட்டுவதற்கென்று வீடுகள் இருந்தன. ஊர்க்காரர், உறவுக்காரர், கூடப் படித்தவர், அவர்கள் எழுதிக் கொடுக்கும் சிபாரிசுக் கடிதம். 'நம்மாளு' என்கிற சங்கிலி வேலை செய்தது. அந்தச் சங்கிலி இல்லாதவனுக்கு என்ன நடக்கும்?

ஐந்து வருடம் கழித்து, 1917ல், பரோடா ரயில் நிலையத்தில் ஒருவர் வந்து இறங்கினார். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பிறகு லண்டனிலும் படித்தவர். சமஸ்தானத்தில் உத்தியோகம் தயாராக இருந்தது. தங்க இடம்தான் இல்லை. இந்து ஹோட்டலுக்குப் போனால் சாதி தெரிந்துவிடும், பொய் சொல்லித் தங்கவும் மனமில்லை. பார்சிகளுக்கான ஒரு விடுதி இருப்பதைக் கேள்விப்பட்டுப் போனார். பார்சி அல்லாதவருக்கு அனுமதியில்லை என்றார் காப்பாளர். கடைசியில் பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்வது என்று ஏற்பாடு. நாளுக்கு ஒன்றரை ரூபாய். மாடியில் ஒரு சின்ன அறை, மின்விளக்கு இல்லை, அரிக்கேன் வெளிச்சம், பக்கத்தில் தட்டுமுட்டுச் சாமான் குவித்துவைத்த பாழடைந்த கூடம். அம்பேத்கர் அங்கே பத்து நாள் ஓட்டினார். பதினோராம் நாள் காலையில் பார்சிகள் பத்துப் பன்னிரண்டு பேர் தடிகளோடு படியேறி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று கெடு.

அன்று இரண்டு நண்பர்களிடம் கேட்டுப் பார்க்கிறார், ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். தன் வீட்டில் சேர்த்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் முதலாமவர். மனைவி வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றார் இரண்டாமவர். பொதுப் பூங்காவில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இதை அவரே பின்னாளில் எழுதினார், அவர் மறைந்து பல வருடம் கழித்து 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறிய நூலாக வெளிவந்தது. எனக்கு இதில் தீராமல் உறுத்துவது ஒரு சின்ன விவரம். நியூயார்க்கில் மாணவர் விடுதியில் அம்பேத்கருடன் அறையைப் பகிர்ந்துகொண்ட நவல் பதேனா ஒரு பார்சி. வாழ்நாள் நண்பர். அங்கே அறைத்தோழர்களாக இருக்க முடிந்தது, பரோடாவில் ஒரு பெயரைக் கடன் வாங்கினால்தான் கட்டில்.

'நம்மாளு ஆரு?' என்று நாம் அன்போடு கேட்கிற கேள்விக்கு மறுபக்கம் இது. வீட்டுக்காரரின் வாயிலிருந்து வரும்போது அது 'நீங்க என்ன ஆளுங்க?' என்று மாறிவிடும். எங்கள் மலைப் பையன்கள் இந்தக் கேள்விக்கு "மலையாளி" என்று உண்மையைச் சொன்னால், "அப்படியா, கேரளாவுல எங்க?" என்று அடுத்த கேள்வி வரும். பாலக்காடு என்று சொல்லி வீடு பிடித்தவர்களும் உண்டு. பரோடாவில் பார்சிப் பெயர், சென்னையில் பாலக்காடு.

*

இந்தக் கேள்வியைக் கேட்காத ஒரு கட்டடத்தைச் சென்னை உருவாக்கியது. அதன் பெயர் மேன்ஷன்.

ஆங்கிலத்தில் மேன்ஷன் என்றால் மாளிகை. திருவல்லிக்கேணியில் அது ஒற்றை மாடிப்படியும் வரிசையாக அறைகளும் கோடியில் பொதுக் குளியலறையும் கொண்ட பிரம்மச்சாரிகளின் கூடு. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கொடிக்கயிறு. வெளிச்சுவரில் அறிவிப்பு: அயர்ன் பாக்ஸ் உபயோகிக்கக் கூடாது, விருந்தினருக்குத் தனிக் கட்டணம், பெண்களுக்கு அனுமதியில்லை. காலையில் பக்கெட்டுகள் வரிசையில் நிற்கும், ஆட்கள் பின்னால் வருவார்கள். மத்தியானம் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கி நின்றால் யார் பக்கத்தில் உட்கார வைக்கிறார்களோ அவர்தான் பந்தித் தோழர்.

ஏன் திருவல்லிக்கேணி? சுற்றிப் பாருங்கள். நடக்கிற தூரத்தில் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, எழிலகம், மவுண்ட் ரோடு, பத்திரிகை ஆபீஸ்கள். ஒரு பக்கம் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிய அக்ரஹாரம். மறுபக்கம் 1795ல் கட்டிய பெரிய மசூதியும், 1768ல் சேப்பாக்கத்துக்கு வந்த ஆற்காடு நவாபோடு சேர்ந்து வளர்ந்த முஸ்லிம் தெருக்களும். இரண்டு நூற்றாண்டாகவே ஒரே மாதிரி ஆட்கள் மட்டும் வாழ்ந்திராத பேட்டை. அப்படிப்பட்ட இடத்தில் யாரோ ஒரு வெளியூர்ப் பையனுக்கு அறை விடுவது பெரிய விஷயமாக இருந்திருக்காது.

இதைவிட முக்கியமான காரணம் சட்டத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னையில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. அது 1946லும் 1949லும் சட்டமாகி, 1960ல் முழு வடிவம் பெற்றது. நியாய வாடகைக்கு மேல் வாங்க முடியாது, காரணமின்றிக் காலி செய்யச் சொல்ல முடியாது. வாடகைக்கு வந்தவர் தாத்தாவாகும்வரை அதே வாடகையில் இருந்த கதைகள் மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் ஏராளம். வீட்டுக்காரர் என்ன செய்வார்? வருகிற ஆளை நூறு தரம் விசாரிப்பார். ஒருமுறை உள்ளே விட்டால் வெளியேற்ற முடியாது இல்லையா? ஆனால் அதே 1960 சட்டம் 'கட்டடம்' என்ற வரையறையிலிருந்து ஹோட்டல் அறையையும் போர்டிங் ஹவுஸ் அறையையும் விலக்கி வைத்தது. மேன்ஷன்கள் நின்றது அந்த நிழலில். நாளைக்கே காலி செய்யச் சொல்லலாம் என்பதால் இன்றைக்கு யாரையும் உள்ளே விடலாம்.

மேன்ஷன் உங்கள் சாதியைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, கறி சாப்பிடுவீர்களா என்று கேட்கவில்லை. அட்வான்ஸைக் கேட்டது. பதிலுக்கு உங்களுக்கு எந்த உரிமையும் தரவில்லை. தாராள மனசு என்று நாம் நினைத்துக்கொள்வது பாதிக்கு மேல் இந்தக் கணக்குதான். இருந்தாலும் அதற்குள் நடந்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குரூப் 2 எழுதுகிறவனும் உதவி இயக்குநராக அலைகிறவனும் உதவி ஆசிரியனும் மருந்துக் கம்பெனி விற்பனையாளனும் ஒரே குழாயடியில் பல் விளக்கினார்கள். ஊரில் ஒருவர் தெருவுக்குள் இன்னொருவர் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்கள், இங்கே ஒருவர் சட்டையை இன்னொருவர் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனார்கள். தமிழ் நாட்டில் சமபந்தி என்று விழா எடுத்து நடத்த வேண்டியிருந்ததை மேன்ஷன்கள் சத்தமில்லாமல் தினமும் நடத்தின.

ஆண்களுக்கு மட்டும். இதைச் சொல்லாமல் மேன்ஷனைப் புகழ முடியாது. அதே திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842ல் கட்டியது, 1897ல் விவேகானந்தர் தங்கியது. பிறகு சகோதரி சுப்புலட்சுமி அதில் இளம் கைம்பெண்களுக்கு விடுதி நடத்தினார். படித்து ஆசிரியையாகப் போவதற்காக வீட்டைவிட்டு வந்த பெண்கள். பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அது பிராமணக் கைம்பெண்களுக்கான விடுதி. குடும்பத்தை விட்டு ஒரு பெண் தங்க வேண்டுமென்றால் புருஷன் செத்திருக்க வேண்டும், சாதியும் சரியாக இருக்க வேண்டும். வேலை பார்க்கும் பெண்களின் விடுதிகளுக்கு மத்திய அரசு தனியாக ஒரு திட்டம் கொண்டுவர 1972-73 ஆனது. தமிழக அரசின் 'தோழி' விடுதி தாம்பரத்தில் திறந்தது 2023ல்.

*

2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறந்தபின் கதை தெற்கே நகர்ந்தது. மேன்ஷனின் பேரப்பிள்ளையாக பி.ஜி. வந்தது. அறை என்பது அலகாக இல்லை, கட்டில்தான் அலகு. டூ ஷேரிங், த்ரீ ஷேரிங், ஃபோர் ஷேரிங். நாங்கள் மூன்று பேர் இருந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்து பி.ஜி.யின் ஜன்னல். இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடலாம். இரண்டு விஷயம் மட்டும்.

2012 பிப்ரவரியில் வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் வாடகை வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு, வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மேன்ஷன் கேட்காமல் விட்ட கேள்வி, போட்டோ ஒட்டிய படிவமாகத் திரும்பி வந்தது. அதில் அதிகம் மாட்டிக்கொண்டவர்கள் இந்தி பேசும் கட்டடத் தொழிலாளர்கள்.

இன்னொன்று, 1960 சட்டத்தை நீக்கிவிட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம். எழுத்து மூல ஒப்பந்தம் கட்டாயம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. நல்லது. கட்டிலுக்கு வாடகை கொடுப்பவனுக்கு யார் ஒப்பந்தம் எழுதித் தருகிறார்கள்? வாட்ஸப்பில் ஜி-பே ஸ்கிரீன்ஷாட்தான் எங்கள் பத்திரம். அதே 2019 ஜூனில் ஊரே தண்ணீருக்குத் தவித்தபோது விடுதிகள் பலதும் திணறின. பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவர்கள் போனார்கள், அட்வான்ஸ் வந்தவர்களுக்கு வந்தது.

ஆனாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு இடம் போக முடிந்தது. வேலை அப்படியே இருந்தது. இந்த ஒரு வசதியைத்தான் இப்போது நாம் கவனிக்காமல் கைவிட்டுக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றுகிறது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் ஆலை ஏற்பாடு செய்த விடுதிகளில் தங்குகிறவர்கள். வெளி மாவட்டத்துப் பெண்கள். எங்கே தங்குவது என்ற கேள்வியே அவர்களுக்குக் கிடையாது, பஸ் கொண்டுபோய் விடும். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பிட்டவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டார்கள், நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில். சிலர் செத்துவிட்டார்கள் என்று வதந்தி. ராத்திரி விடுதிகளிலிருந்து இறங்கி வந்த பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், விடிந்தும் எழவில்லை. தொழிற்சங்கம் கூட்டிய கூட்டமில்லை. ஒரே அறையில் பத்து இருபது பேராகப் படுத்திருந்ததால், செய்தி ஒரு பாயிலிருந்து அடுத்த பாய்க்குப் போனது, அவ்வளவுதான். கிட்டங்கியில் வட்டி விகிதம் பரவிய அதே வழி. ஆலை மூடப்பட்டது. விடுதிகள் தரமில்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று மறுபடி திறந்தது.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய புதிய விடுதி வளாகம் திறந்துவைக்கப்பட்டது. செலவு 706.50 கோடி ரூபாய். 18,720 பெண்கள் தங்கலாம். முன்பிருந்ததோடு ஒப்பிடவே முடியாது, அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்ததற்கு இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் லைன் வீட்டுக்கும் இதற்கும் பொதுவான ஒன்று இன்னும் இருக்கிறது. கட்டில் வேலையோடு வருகிறது.

போன மாதம் எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி போன் பண்ணினாள். வேறொரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. தங்குவதற்கு அவர்களே இடம் தருகிறார்கள், சாப்பாடும் சேர்த்து, சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்களாம். "ரூமெல்லாம் போட்டோல நல்லா இருக்குதுண்ணா" என்றாள். வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி பண்ண வேண்டும் என்று கேட்டேன்.

"அத ஆரும் சொல்லலீங்களே" என்றாள்.